புஜ்ஜியின் குறட்டை: சென்னை ஃபிளாட்டில் வளரும் ஒரு பக் நாய், ஒரு நிகழ்வு ஆய்வு

ஆண் பக் நாய். வயது நான்கு. எடை 12.8 கிலோ. கிளினிக் மேசையில் இறக்கியபோது உடல் வெப்பநிலை 41.8 டிகிரி செல்சியஸ். நாய்க்கு 39.2 வரைதான் சாதாரணம். நாக்கு ஊதா நிறம், வாயோரம் நுரை, ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையிலிருந்து கரகரவென்று சத்தம். கத்திரி வெயில் காலம், மாலை ஆறரை மணி.

பெயரைப் புஜ்ஜி என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். வடசென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட். அம்மா பள்ளி ஆசிரியை, அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. பத்து வயதில் மகள், ஏழு வயதில் மகன், இவர்களோடு பாட்டி. பகல் முழுக்க வீட்டில் இருப்பது பாட்டியும் புஜ்ஜியும்தான்.

நாய் வளர்ப்பில் வருகிற சிக்கல்களில் பாதி, நாய் வீட்டுக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன என்பது என் அனுபவம். இந்தக் கேஸை விரிவாக எழுத அதுதான் காரணம். இது வெயிலில் மயங்கி விழுந்த நாயின் கதை மட்டும் இல்லை. நான்கு வருடமாக நோயோடு இருந்த ஒரு நாயை, நன்றாக இருக்கிறது என்று ஒரு நல்ல குடும்பம் நம்பிக்கொண்டிருந்த கதை.

அன்று மாலை

ஐந்தரை மணிக்குப் பையன் பந்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போயிருக்கிறான், புஜ்ஜியும் பின்னாலேயே. வெயில் தாழ்ந்துவிட்டது, அதனால் யாரும் தடுக்கவில்லை. ஆனால் பகலெல்லாம் காய்ந்த தளம் அந்த நேரத்தில்தான் சூட்டைக் கக்கும். கூடவே கடல்காற்றின் புழுக்கம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்து, நாக்கிலும் மூக்கின் உட்பகுதியிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியே தள்ளும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழி பாதி அடைந்துவிடும். மூக்கே சப்பையாக இருக்கிற பக் நாய்க்கு அந்த வழி பிறவியிலேயே குறுகல்.

இன்னொன்றும் உண்டு. நாட்டு நாய் என்றால் முடியாதபோது நிழலில் போய்ப் படுத்துக்கொள்ளும். பக் அப்படி இல்லை. குழந்தை பந்து போடுகிறவரை ஓடும். இந்த இனத்தின் குணமே மனுஷர் கூடவே இருப்பது. இருபது நிமிடத்தில் பின்னங்கால் தள்ளாடி விழுந்துவிட்டது.

அப்பா ஓடிவந்து பெரிய துண்டு ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, கழுத்து முதல் வால் வரை சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துவிட்டார். பதறிய நேரத்தில் யாருக்கும் தோன்றுவது அதுதான். ஆனால் சுற்றிய ஈரத்துணி கொஞ்ச நேரத்தில் நாயின் சூட்டை வாங்கித் தானும் சூடாகி, காற்றுப் படாமல் தடுத்துவிடும். நான் துண்டைப் பிரித்தபோது உள்பக்கம் கை பொறுக்காத சூடு. செய்ய வேண்டியது வேறு. இருந்த இடத்திலேயே குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடையிலும் தாராளமாக ஊற்றி, மேலே காற்று படும்படி ஃபேனைத் திருப்பிவிட வேண்டும். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் ஆட்டோ. மயங்கிய நாயின் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

கிளினிக்கில் செய்ததும் ஏறக்குறைய அதேதான், கூட மருந்தும் ஆக்ஸிஜனும். தண்ணீர், டேபிள் ஃபேன், முகத்தில் அழுத்தாமல் பிடித்த மாஸ்க். மூச்சு கிடைக்காத நாய் பயப்படும், பயத்தில் இன்னும் வேகமாக இழுக்கும், இழுக்க இழுக்கத் தொண்டை வீங்கும். இந்தச் சுழலை உடைக்க லேசான மயக்கத்துக்கு ப்யூடார்பனால், தொண்டை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் ஒரு டோஸ், பிறகு சலைன். 39.5-க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். அதற்கு மேலும் குளிர்வித்தால் உடம்பு அளவுக்கு மீறிக் குளிர்ந்துபோகும்.

வெப்பத் தாக்குதலில் அன்றைக்குப் பிழைப்பது முதல் கட்டம்தான். ரத்தம் உறையும் தன்மை கெடுவது, சிறுநீரகம், கல்லீரல், குடல் பாதிப்பு எல்லாம் அடுத்த இரண்டு மூன்று நாளில் தலைகாட்டும். மறுநாள் காலை புஜ்ஜிக்கு ரத்தம் கலந்து பேதியானது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தன, கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தன. சிறுநீரகம் தப்பித்துக்கொண்டது. மூன்றாம் நாள் தானாக நடந்து வீட்டுக்குப் போனான்.

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்"

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் பாட்டியிடம் கேட்டேன்: "பாட்டி, இவன் தூங்கும்போது சத்தம் வருமா?"

"ஐயோ டாக்டரம்மா, அதைக் கேட்காதீங்க. எங்க வீட்டுக்காரரே அப்படிக் குறட்டை விட்டதில்லை. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். சில நாள் உட்கார்ந்த வாக்கிலேயே தூங்குவான், பார்க்கச் சிரிப்பா இருக்கும்."

பேத்தி உடனே செல்போனை நீட்டினாள். புஜ்ஜி சோபா கைப்பிடியில் தாடையை வைத்து, தலையைத் தூக்கியபடி தூங்கும் வீடியோ. உறவுக்காரர்கள் எல்லோரும் சிரித்து ரசித்தது. படுத்தால் மூச்சு அடைக்கிறது, அதனால்தான் தலையை உயர்த்தி வைத்துக்கொண்டு தூங்குகிறது என்று சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அவள் மேல் தப்பே இல்லை.

லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மூச்சுக்குழல் அடைப்புக்கான அறிகுறிகள் தெளிவாக இருந்த நாய்களின் சொந்தக்காரர்களிடம், உங்கள் நாய்க்கு மூச்சுப் பிரச்சினை இருக்கிறதா என்று கேட்டார்கள். 58 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். குறட்டையும் இரைப்பும் இந்த ஜாதிக்கு சகஜம் என்பது அவர்கள் நினைப்பு. சகஜம் என்பது உண்மைதான். சகஜம் என்பதால் அது நோய் இல்லை என்று ஆகிவிடாது.

மூன்று வாரம் கழித்து, உடம்பு தேறிய பிறகு, காலை ஏழு மணிக்கு வரச் சொன்னேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான ஓர் எளிய சோதனை இருக்கிறது. தொண்டையில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது, மூன்று நிமிடம் துள்ளு நடையில் ஓட்டுவது, திரும்பவும் கேட்பது. பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை தரம் போடலாம். பூஜ்ஜியம் என்றால் சத்தமே இல்லை, மூன்று என்றால் மிக மோசம். புஜ்ஜியால் மூன்று நிமிடம் முடிக்க முடியவில்லை. மூன்றாம் தரம்.

மூக்குத் துவாரம் என்று சொல்லவே முடியாது, இரண்டு பக்கமும் செங்குத்தாக ஒரு கீறல். மண்டையோட்டை நூற்றாண்டுக்கணக்கில் குட்டையாக்கி வளர்த்தார்கள், ஆனால் உள்ளே இருக்கும் சதை அதே விகிதத்தில் சுருங்கவில்லை. மென்அண்ணம், அதாவது மேல்வாயின் பின்பக்கத்து மெத்தென்ற சதை, நீண்டு தொண்டைக்குள் தொங்குகிறது, நாக்கு வாய்க்குப் பெரிதாக இருக்கிறது. ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு, மூக்கைப் பொத்தி, அதன் வழியாக மட்டும் மூச்சு விட்டுக்கொண்டே மாடிப்படி ஏறிப் பாருங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் அப்புறம் உண்மையிலேயே செய்து பார்த்திருக்கிறார்.

இந்த முகம் பழங்காலத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை. சீனத்திலிருந்து ஐரோப்பா போன இனம் இது. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745-இல் தன்னையும் தன் பக் நாயையும் சேர்த்து வரைந்த படத்தில், அந்த நாய்க்கு மூக்கும் வாயும் முன்பக்கம் நன்றாக நீண்டு தெரியும். கண்காட்சி மேடைகளில் சப்பை மூக்குக்குப் பரிசு கொடுக்க ஆரம்பித்த பிறகு, அடுத்தடுத்த தலைமுறைகளில் அது தேய்ந்துபோனது.

இந்த வீட்டுக்கு எப்படி வந்தது

ஹட்ச் என்ற செல்போன் நிறுவனத்தின் விளம்பரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2003-இல் வந்தது. சின்னப் பையன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகும் பக் நாய். 2007-இல் ஹட்ச் வோடஃபோன் ஆனபோதும் அந்த நாயை வைத்தே சொன்னார்கள். நாடு முழுக்க பக் குட்டிகளுக்குக் கிராக்கி கூடியது. இன்றைக்கும் எங்களிடம் வருகிறவர்களில் பலர் "ஹட்ச் நாய் சார்" என்றுதான் சொல்வார்கள், இன்டர்ன் பையன்களுக்கு முதலில் புரியாது. புஜ்ஜியின் அம்மா கல்லூரியில் படிக்கும்போது பார்த்த விளம்பரம் அது. கல்யாணமாகி, சொந்தமாக ஃபிளாட் வாங்கியதும், குழந்தைகள் நாய் கேட்டபோது அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அவர்களுடைய மற்ற கணக்கும் நியாயமானதுதான். சின்ன நாய், 600 சதுர அடி வீட்டுக்குப் போதும். அதிகம் குரைக்காது, பக்கத்து வீட்டார் சண்டைக்கு வர மாட்டார்கள். (நாய் வளர்க்கக் கூடாது என்று அசோசியேஷன் தடை போட முடியாது என விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனாலும் ஃபிளாட்டில் யார் தினமும் சட்டம் பேசிக்கொண்டிருப்பது?) குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் கடிக்காது. குணத்தைப் பற்றி அவர்கள் எதிர்பார்த்தது அத்தனையும் நடந்தது. பாட்டி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தபோது, புஜ்ஜி கட்டிலடியை விட்டு நகரவில்லை என்று சொன்னார்கள். பக் நாயின் மனசைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, உடம்பு மட்டும்தான் விவகாரம்.

வாங்கியது ஒரு புரோக்கர் மூலமாக, 12,000 ரூபாய்க்கு, பேப்பர் இல்லாமல். தாய் நாயைப் பார்த்தீர்களா என்றால் இல்லை. ஒரு அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அப்போது குட்டிக்கு ஐந்து வாரம்கூட இருக்காது என்பது பழைய தடுப்பூசி அட்டையிலிருந்து தெரிந்தது. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அட்டைப் பெட்டிக்காரர்களிடம் இதைப் பற்றிக் கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

டப்பா

புஜ்ஜியின் எடை 12.8 என்று முதல் வரியிலேயே எழுதினேன். இந்த இனத்துக்கு வகுத்த எடை ஏறக்குறைய 6.3 முதல் 8.1 கிலோ. தொண்டைச் சதையிலும் நாக்கின் அடியிலும் சேர்கிற கொழுப்பு, ஏற்கெனவே குறுகிய வழியை இன்னும் அடைக்கும். தோலடிக் கொழுப்பு சூட்டை வெளியே விடாது. ஆபரேஷனைப் பற்றி பேசும் முன் எடை இறங்க வேண்டும்.

என்ன சாப்பாடு என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: "ரொம்பக் கம்மியாத்தான் சாப்பிடுவான்." பொய் சொல்வதில்லை. தட்டில் வைப்பது கம்மிதான். அதனால் நான் ஒரு வேலை செய்வேன். ஒரு காலி டப்பாவைக் கொடுத்து, ஒரு நாள் முழுக்க நாய் வாயில் எதைப் போட்டாலும் அதே அளவு டப்பாவிலும் போடச் சொல்வேன். எல்லோரும் போட வேண்டும், யாரையும் யாரும் திட்டக் கூடாது.

மறுநாள் அம்மா டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். இட்லி மூன்று, பிய்த்த துண்டுகளாக. மேரி பிஸ்கட் ஒன்பது. அரைச் சப்பாத்தி, முறுக்கு, பையனின் டிபன் பாக்ஸில் மிஞ்சிய பனீர். இது போக காலையும் மாலையும் வைக்கும் நாய்த் தீவனம் தனி. பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவா?" என்றார். இட்லி கணக்கு முழுக்க அவருடையது.

எட்டு கிலோ இருக்க வேண்டிய நாயை இளைக்க வைக்க நாளைக்குச் சுமார் 330 கலோரி போதும். மூன்று இட்லியும் ஒன்பது மேரியும் மட்டுமே அதைத் தாண்டிவிடும். இட்லியைச் சாம்பாரில் தோய்த்துக் கொடுத்தது இன்னொரு கவலை. வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

சமையலறைத் தராசில் நிறுத்து 80 கிராம் உலர் தீவனம், இரண்டு வேளையாக. பாட்டியின் கை சும்மா இருக்காது என்று தெரியும். ஆகவே அவருக்கென்று ஒரு கிண்ணம்: உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ், வெள்ளரித் துண்டு, கொஞ்சம் கேரட். "கொடுக்காதீங்க" என்றால் ஒளித்துக் கொடுப்பார்கள், "இதைக் கொடுங்க" என்றால் கேட்பார்கள். பையன் ஒரு நோட்டில் வாராவாரம் எடை எழுதினான். தீபாவளி வாரத்தில் மட்டும் எடை ஏறியிருந்தது, காரணம் கேட்க வேண்டியதில்லை.

கழுத்துப் பட்டையை முதல் நாளே கழற்றிவிட்டு மார்பில் மாட்டும் ஹார்னெஸ் வாங்கச் சொல்லியிருந்தேன். மூச்சுக்குழலை அழுத்துவது ஒரு பக்கம். பக் நாய்க்குக் கண்குழி ஆழமில்லை, கழுத்தை இறுக்கி இழுத்தால் கண் பிதுங்கி வெளியே வருவதும் உண்டு. முகச் சுருக்கங்களை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவது மகளின் பொறுப்பு. நடை, காலை ஆறரைக்கு முன்பும் இரவு எட்டரைக்குப் பின்பும் மட்டும்.

எட்டு மாதத்தில் 9.1 கிலோவுக்கு இறங்கினான். திரும்பவும் சோதித்தபோது இரண்டாம் தரம். கத்தி வைக்காமலே ஒரு படி.

ஆபரேஷன்

அடுத்த கோடைக்குள் முடித்துவிட வேண்டும் என்பதால் பொங்கல் கழிந்து தேதி குறித்தோம். இத்தகைய அறுவைகளை அடிக்கடி செய்யும் ஒரு சர்ஜனிடம் அனுப்பி, நானும் கூட இருந்தேன். மூக்குத் துவாரங்களை ஆப்பு வடிவில் வெட்டி அகலப்படுத்துவது, தொங்கும் மென்அண்ணத்தைக் குறைப்பது. வெட்டுவதைவிட மயக்கம் தெளியும் நேரம்தான் ஆபத்து. மற்ற நாய்களுக்கு விழுங்கத் தொடங்கியதும் மூச்சுக்குழலில் வைத்த குழாயை எடுத்துவிடுவோம். பக் நாய்க்கு அவசரப்படக் கூடாது. புஜ்ஜி தலை தூக்கி, கண் திறந்து, குழாயைக் கடிக்க ஆரம்பித்த பிறகும் சிறிது நேரம் விட்டு வைத்தோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இந்த இனத்தில் சில நாய்கள் அந்தக் குழாயோடு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். அவற்றின் வாழ்க்கையில் தடையில்லாமல் மூச்சு போய்வருவது அப்போதுதான்.

இதற்கு நடுவில் ஒரு விவகாரம். தெருவில் இன்னொரு வீட்டில் பெண் பக் இருக்கிறது. கிராஸிங் போட்டால் ஒரு குட்டி தருவதாக அவர்கள் சொல்ல, அப்பாவுக்கு ஆசை. "ஒரு தடவை சேர்த்துட்டு அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாமா டாக்டர்?" நான் முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டேன். சேர்ப்பது அவர்கள் உரிமை, தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் மூன்றாம் தரத்தில் இருந்த நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் பிரிட்டனில் நாய் வளர்ப்போர் சங்கமான கென்னல் கிளப்பே சொல்வது. அகலப்படுத்தப்போவது புஜ்ஜியின் மூக்கை, அவன் விந்தணுவை இல்லை. அந்த வரி அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அம்மாதான், "ஆட்டோல நீங்க எப்படி அழுதீங்கன்னு ஞாபகம் இருக்கா? அதே மாதிரி இன்னொரு வீட்ல நடக்கணுமா?" என்றார். அதே மயக்கத்தில் கருத்தடையும் செய்துவிட்டோம்.

2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இங்கே பெருக்கக் கூடாத இனங்கள் என்று 11 பெயர்கள் இருந்தன. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற பனிப்பிரதேச நாய்களோடு பக் நாயும் அந்தப் பட்டியலில். அதை எதிர்த்து விஷயம் உயர் நீதிமன்றம்வரை போனது. சட்டம் எப்படி முடிந்தாலும், வெப்பத்துக்கு ஒவ்வாது என்று பக் நாயை அந்த வரிசையில் சேர்த்ததில் மருத்துவ ரீதியாக எனக்கு மறுப்பு இல்லை. பிரிட்டனில் ராயல் கால்நடைக் கல்லூரி 2022-இல் வெளியிட்ட ஆயுள் அட்டவணையில் பக் நாயின் சராசரி ஆயுள் 7.65 ஆண்டு. ஜாக் ரசல் டெரியர் என்ற இன்னொரு சின்ன நாய்க்கு 12.7. அது குளிர் நாட்டுக் கணக்கு.

அதற்காக மற்ற சின்ன நாய் இனங்கள் எல்லாம் சுத்தம் என்று இல்லை. பொமரேனியனுக்கு முழங்கால் சில்லு நழுவும், மூச்சுக்குழல் தளரும், பல் சீக்கிரம் கெடும். ஷிட்சூவுக்கு முடியும் கண்ணும் தினசரி வேலை. ஆனால் பல் தேய்ப்பதும் முடி வெட்டுவதும் வீட்டில் சமாளிக்கக்கூடியவை. மூச்சு அப்படி இல்லை. பக் குட்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக வருகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: தாயை நேரில் பாருங்கள், அது ஓடி வந்த பிறகு காது கொடுத்துக் கேளுங்கள், மூக்குத் துவாரம் வட்டமாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தாயைக் காட்ட மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். ஏசி கரண்டு பில்லையும் குட்டியின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

புஜ்ஜிக்கு இப்போது ஐந்து வயது தாண்டிவிட்டது. எடை 8.9. கடைசிப் பரிசோதனையில் முதல் தரம், ஓடிய பிறகு ஸ்டெதஸ்கோப்பில் மட்டும் லேசாகச் சத்தம். குறட்டை முழுக்க நிற்கவில்லை, நிற்காது என்று முன்பே சொல்லியிருந்தேன். இந்தக் கோடையில் பகல் பதினொன்றிலிருந்து ஐந்து வரை பாட்டி அறையில் ஏசி ஓடுகிறது. கரண்டு போனால் என்ன செய்வது என்று பாட்டியே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்: பாத்ரூம் தரையில் அரை வாளித் தண்ணீர், பக்கத்தில் சார்ஜ் போட்ட சின்ன ஃபேன். ஒரே ஒரு தடவை தேவைப்பட்டதாம். ரேபிஸ் தடுப்பூசி அடுத்த மாதம், மாநகராட்சி உரிமத்தையும் அப்போதே புதுப்பித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.